கடல் கடந்து வந்த குளிர்

மார்கழிக் காலையில் சென்னை மெரினா கடற்கரையில் நடந்திருக்கிறீர்களா? சாலைக்கு அப்பால் வளைந்த முகப்புடன் ஒரு கட்டடம் தெரியும். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் 1842இல் அதைக் கட்டியது பனிக்கட்டியைச் சேமித்து வைக்க! அன்றைய பெயர் 'ஐஸ் ஹவுஸ்'.

குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்நாளில் பனிக்கட்டி ஏது? அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்துவிடும். அந்தப் பனியை அறுத்து, பாளங்களாக்கி, கப்பலேற்றினார் ஃபிரெடரிக் டியூடர் என்னும் வணிகர். 1833இல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய முதல் சரக்கு, வெப்பக் கடல்களைக் கடந்து நான்கு மாதம் பயணம் செய்தது. ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது!

எப்படி? பாளங்களை இடைவெளியின்றி அடுக்கிச் சுற்றிலும் மரத்தூளைத் திணித்தார்கள். தூளுக்குள் சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நீங்கள் போர்த்தும் கம்பளியும் அப்படித்தான். அது சூடு தருவதில்லை. உடலின் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது.

நம்பிக்கை இல்லையா? ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளை எடுங்கள். ஒன்றைத் தட்டில் திறந்து வையுங்கள். மற்றதைக் கம்பளியில் நன்றாகச் சுற்றுங்கள். எது முதலில் கரையும் என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள். "கம்பளி சூடாயிற்றே!" என்பவர்கள் தோற்பார்கள்.