மன்னிப்புக் கேட்ட பிறகும் மனசு உறுத்துகிறதா?

எப்போதோ செய்த தப்பு. ஜெபத்தில் எத்தனையோ முறை அறிக்கையிட்டாயிற்று. ஆனாலும் ராத்திரி விளக்கை அணைத்தால் அதே ஞாபகம். அப்படியென்றால் கடவுள் இன்னும் மன்னிக்கவில்லையா?

மன்னித்துவிட்டார் என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசம். பாவத்தை ஒப்புக்கொள்கிறவருக்கு மன்னிப்பு உண்டென்று யோவானின் முதல் கடிதம் சொல்கிறது. உங்கள் மனசு லேசானால்தான் அது செல்லும் என்று நிபந்தனை எதுவும் இல்லை. உறுத்தல் போக நாளாகும். அதை வைத்து மன்னிப்பை அளக்காதீர்கள்.

மறக்க முடியவில்லையே என்கிறீர்களா? மறக்க வேண்டியதில்லை. பேதுரு மூன்று முறை இயேசுவை மறுதலித்தது (தெரியாது என்று சொன்னது) நான்கு நற்செய்தி நூல்களிலும் இருக்கிறது. தங்கள் தலைவர் பேதுருவின் அவமானத்தை ஆதித் திருச்சபை மறைக்கவே இல்லை. மறுதலித்த அன்று அவர் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தார். பிறகு, உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். என்மேல் அன்பிருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மூன்று முறையும் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பைத்தான் கொடுத்தார்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினார்தான். பாவம் செய்தேன் என்று சொல்லி, 30 வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தார். ஆனால் போனது தன்னை விலைக்கு வாங்கியவர்களிடம். எங்களுக்கென்ன என்று கைவிரித்துவிட்டார்கள்.

அப்படியானால் யாரிடம் சொல்வது? கத்தோலிக்கராக இருந்தால் குருவிடம் ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) செய்யலாம். அங்கே கேட்டதை அவர் யாரிடமும் சொல்லக்கூடாது. அது திருச்சபைச் சட்டம். மற்ற சபையினர் போதகரிடமோ, வாய் காக்கத் தெரிந்த ஒரு விசுவாசியிடமோ சொல்லலாம். சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லவேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. பல சமயம் அது அடுத்தவர் மானத்தையும் சேர்த்து ஏலம் போடுவதாகத்தான் முடிகிறது.

மன்னிப்புக் கிடைத்தால் பட்ட கடனும் தீர்ந்ததா? இல்லை. வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். தங்கை பங்கு நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கியிருந்தால், ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். பத்திரத்தைக் கையில் எடுங்கள். அவர் இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகளிடம் சேர்த்துவிடுங்கள். நீங்கள் போய் நிற்பதே தங்கைக்கு வேதனை என்றால் போகவேண்டாம். அவர் மன்னிக்க மறுத்தால் அது அவர் உரிமை, வற்புறுத்தாதீர்கள்.

பழைய தப்பு ஒருபுறம் இருக்க, நாளையைப் பற்றிய கவலைக்கு என்ன செய்வது? கவலையை வேண்டுதலாக மாற்றுங்கள் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது அவரே சிறையில்தான் இருந்தார். பொதுப்படையாக அல்ல, மகனின் வேலை, மருத்துவமனை பில் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அதற்காக இன்று செய்யக்கூடிய ஒரு வேலையைச் செய்யுங்கள்.

ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுகிறீர்களா? மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்தபோது மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்து, கேட்பவரையே களைப்படைய வைத்தார். இப்படிப்பட்ட உறுத்தலால் வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய்விட்டால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.