அயல்நாட்டு உதவி உபாத்தியாயரும் அவரை ஏற்கும் பள்ளிக்கூடமும்

ஜப்பான் தேசத்தில் வருஷந்தோறும் ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் வாலிபர்கள் கூட்டங் கூட்டமாக டோக்கியோவில் வந்திறங்குகிறார்கள். சில தினங்கள் அங்கே பயிற்சி பெற்றபின், ஆங்கிலம் கற்பிக்க உதவி செய்வதற்காக ஜில்லாக்களுக்குப் பிரிந்து போகிறார்கள். இவர்களில் அநேகர் உபாத்திமைத் தொழிலில் பழகாதவர்கள். சர்வகலாசாலைப் பட்டம் இருந்தால் போதும் என்பது விதி. ஜப்பானிய பாஷை தெரிந்திருக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. இத்தகைய ஒருவரை ஏற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடத்தின் கடமை யாது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் விஷயம்.

‘ஜெட்’ என்று வழங்கும் இத்திட்டம் 1987-ம் வருஷத்தில் நான்கு தேசங்களிலிருந்து வந்த 848 பேருடன் ஆரம்பமாயிற்று. அமெரிக்காவுடன் அக்காலத்தில் மூண்டிருந்த வர்த்தக மனஸ்தாபத்தைத் தணிக்கும் எண்ணமும் அதில் கலந்திருந்தது என்பது இரகசியமன்று. ஆயினும் ஏற்பாட்டின் அமைப்பை நாம் பாராட்டாமலிருக்க முடியாது. அமர்த்துவதும் சம்பளம் அளிப்பதும் ஜப்பானிய ஸ்தல ஸ்தாபனங்கள். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. இரு தரப்பாரும் இசைந்தால் ஐந்து வருஷம் வரை நீடிக்கலாம். வகுப்புக்குப் பொறுப்பாளி ஜப்பானிய உபாத்தியாயர். வந்தவர் அவருக்கு உதவியாளர். நமது தேசத்தில் வெகுகாலம் இந்த வரிசை தலைகீழாக இருந்தது என்பதை எண்ணும்போது, இந்த ஒரு ஷரத்தே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அந்நியரிடம் பாஷை கற்பது வேறு. அவரிடம் பள்ளிக்கூடத்தை ஒப்படைப்பது வேறு.

ஆனால் ஷரத்து மட்டும் ஒரு மனிதரை ஏற்று உபசரித்துவிடாது. ஜெட் திட்டத்துக்கு ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முற்பட்ட உதாரணம் ஒன்று உண்டு. 1890-ல் லாப்காடியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளர் மாட்ஸுயே நகரத்து நடுத்தரப் பள்ளிக்கு ஆங்கில உபாத்தியாயராக வந்தார். மாதச் சம்பளம் 100 யென், பாஷையோ தெரியாது. அப்பள்ளியின் உபதலைமை உபாத்தியாயர் நிஷிடா ஸென்டாரோ அவருக்குக் கண்ணும் காதுமாக நின்றார். பிள்ளைகளின் சுபாவத்தையும் ஊர் வழக்கத்தையும் எடுத்துச் சொன்னார். அவர் கேட்ட ஆயிரம் கேள்விகளுக்கும் சலிக்காமல் பதில் அளித்தார். ஹெர்ன் அவ்வூரில் இருந்தது ஏறக்குறையப் பதினைந்து மாதங்களே. 1895-ல் வெளியான தமது நூல் ஒன்றை அவர் நிஷிடாவுக்குச் சமர்ப்பித்தார். ஜப்பானைப் பற்றி ஹெர்ன் எழுதியவற்றை உலகம் அறியும். நிஷிடாவை அறிந்தவர் சிலரே.

இன்று நிஷிடாவின் ஸ்தானத்தில் இருப்பவர் பெரும்பாலும் வேலைச் சுமையால் நொந்த ஓர் ஆங்கில உபாத்தியாயர். வந்தவருக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும், நகராட்சிக் காரியாலயத்தில் பெயரைப் பதிவு செய்விப்பதும், பாங்கிக் கணக்குத் திறக்க உடன் செல்வதும் அவர் தலையில் விழுகின்றன. இவையெல்லாம் நடந்துவிடுகின்றன, வகுப்பில்தான் தவறுகிறது. பாடப்புத்தகத்தின் வரிகளை வந்தவர் உரக்கப் படிக்க, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல, மணி அடித்துவிடுகிறது. தங்களை ‘மனித டேப் ரிக்கார்டர்’ என்று இவ்வுதவியாளர்களே பரிகாசம் செய்துகொள்வதுண்டு. பரிகாசந்தான், ஆனால் அதில் வருத்தமும் இருக்கிறது. கடல் கடந்து ஒருவரை வரவழைத்து, இயந்திரம் செய்யக்கூடிய வேலையை அவருக்குக் கொடுப்பது சிக்கனமும் அன்று, மரியாதையும் அன்று. பாடத்துக்கு முன் பத்து நிமிஷம் இருவரும் அமர்ந்து பேசினால் இது மாறும். அந்தப் பத்து நிமிஷம் அகப்படுவதில்லை என்பதே உபாத்தியாயர்களின் முறையீடு. அதில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லவில்லை.

இதனினும் விபரீதமான ஒன்றை, ஒப்பந்தப் பத்திரங்களைப் படித்துப் பழகியவர்கள் என்ற முறையில், குறிப்பிடாமல் விட மனமில்லை. செலவைக் குறைப்பதற்காகப் பல நகராட்சிகள் தாமே ஆள் அமர்த்துவதை விட்டு, தனியார் கம்பெனிகளுக்கு இவ்வேலையைக் குத்தகையாக அளித்திருக்கின்றன. அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி, குத்தகைக்காரரின் ஆளுக்கு, குத்தகை கொடுத்தவர் நேரே உத்தரவிடலாகாது. உத்தரவிட்டால் அது போலிக் குத்தகையாகும். விளைவைப் பாருங்கள். ஒரே வகுப்பில், ஒரே கரும்பலகையின் முன்பு நிற்கும் இருவரில், ‘இந்த வாக்கியத்தைச் சற்று மெதுவாகப் படியுங்கள்’ என்று பொறுப்புள்ள உபாத்தியாயர் உதவியாளரிடம் பணித்தால் சட்டச் சிக்கல்! கம்பெனி மூலமாக அல்லவா சொல்லியனுப்ப வேண்டும்? சட்டத்தின் மேல் குற்றமில்லை. அது தொழிலாளியைக் காக்க வந்தது. விருந்தோம்பலைக் குத்தகைக்கு விட்டவர்கள் மேல்தான் குற்றம். இங்கே உதவி உபாத்தியாயர் என்ற பெயரில் உதவி என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமற் போகிறது. 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளிலும் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டபடியால், ஆரம்பப் பள்ளிகளில் இத்தொல்லை இன்னும் அதிகமாக உணரப்படுகிறது.

ஏற்பாடு சரிவர அமைந்த இடங்களில் நடப்பது வேறு. அங்கே உதவியாளர் மத்தியானம் பிள்ளைகளோடு வகுப்பிலேயே அமர்ந்து, அவர்கள் பரிமாறும் உணவை உண்கிறார். பள்ளியைப் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கும் வேளையில் தாமும் துடைப்பம் எடுக்கிறார். ஓர் அந்நியர் தங்களுள் ஒருவராகிவிட்டதைப் பிள்ளைகள் அறிவது அப்பொழுதுதான். இலக்கணம் பின்னால் வரும்.

இஷினோமாகி நகரத்துப் பள்ளிகளில் டெய்லர் ஆண்டர்ஸன் என்ற 24 வயது அமெரிக்கப் பெண்மணி இவ்வாறு பணிபுரிந்தார். 2011 மார்ச் 11-ந் தேதி பூமி அதிர்ந்தபோது அவர் ஓர் ஆரம்பப் பள்ளியில் இருந்தார். பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லும்வரை அவர்களுடன் இருந்துவிட்டு, சைக்கிளில் வீடு நோக்கிப் புறப்பட்டார். கடல் பொங்கி வந்தது. அவர் வீடு சேரவில்லை. ரிகுஸென்டகாடாவில் அதே பணியிலிருந்த மாண்ட்கோமரி டிக்ஸன் என்னும் அலாஸ்கா வாலிபரும் அன்றே மாண்டார்.

மகளை இழந்த பெற்றோர் அந்நகரத்தாரைக் குறை கூறவில்லை. அவள் பாடம் சொன்ன பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் அனுப்பினார்கள். ‘டெய்லர் புங்கோ’ என்று பெயரிட்டு, பள்ளிகளில் வாசிப்பு மூலைகள் அமைந்தன. அவற்றுக்கு அலமாரிகள் செய்து கொடுத்தவர் அவ்வூர்த் தச்சர் ஒருவர். அவருடைய குழந்தைகள் மூவரும் அதே கடலுக்கு இரையானவர்கள். டெய்லரிடம் ஆங்கிலம் கற்றவர்கள்.