சுகர் உள்ள குழந்தைக்கு கையில் ஒட்டும் சென்சார்: மாசம் 10 ஆயிரம் ரூபாய் செலவு... வாங்கும் முன் இதைப் படிங்க!

சென்னை:
சுகர் என்றாலே 40 வயசுக்கு மேல வர்ற வியாதி என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் 4 வயசு, 8 வயசு பிள்ளைகளுக்கும் வருகிறது. இதற்கு 'டைப் 1' என்று பெயர். மிட்டாய் நிறைய தின்றதால் வந்தது அல்ல. பெத்தவங்க செய்த தப்பும் அல்ல. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்று போவதால் வருவது. ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இந்தப் பிள்ளைகளுக்கு தினமும் 4 முறையாவது விரலில் குத்தி ரத்தம் பார்க்க வேண்டும். சுகர் 70-க்கு கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, மயக்கம், சில நேரம் வலிப்பு. தூக்கத்தில் இறங்கினால் பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கே தெரியாது. அந்த பயத்தில்தான் பலரும் சென்சார் பற்றி விசாரிக்கிறார்கள்.

5 ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிசு. மேல்கையின் பின்பக்கம் ஒட்டுகிறார்கள். முடி போல மெல்லிய இழை தோலுக்கு அடியில் இருக்கும். ரத்தத்தில் அல்ல, தோலுக்கு அடியில் உள்ள நீரில் சர்க்கரையை அளக்கும். அதனால் விரலில் குத்திப் பார்ப்பதை விட சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும்.

அலாரம் அடிக்குமா?

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நம்ம ஊரில் அதிகம் பேருக்குத் தெரிந்த 'பிரீஸ்டைல் லிப்ரே' பழைய மாடலில் அலாரமே கிடையாது. போனை பக்கத்தில் கொண்டு போனால்தான் அளவு தெரியும். ராத்திரி பயத்துக்காக இதை வாங்கினால், நீங்க எழுந்து போய்ப் பார்த்தால்தான் உண்டு! 'லிப்ரே 2' வகையில் அலாரம் வசதி இருக்கிறது. உங்க போனுக்கு ஒத்து வருமா என்பதையும் காசு கொடுக்கும் முன்பே கேளுங்க. பழைய மாடலுக்கு போனில் 'என்.எப்.சி.' வசதி வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது இருக்காது.

செலவு எவ்வளவு?

ஒரு சென்சார் சுமார் 5 ஆயிரம் ரூபாய். 14 நாள்தான் வேலை செய்யும், அப்புறம் தானாகவே நின்றுவிடும். மாசத்துக்கு 2 என்றால் 10 ஆயிரம் ரூபாய். தினக்கூலி வீட்டில் இது நடக்கிற காரியமா? ஸ்டிரிப் ஒன்று 20 ரூபாய் என்று வைத்தாலும், தினம் 4 முறை பார்க்க மாசம் 2,400 ரூபாய்தான்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் இன்சுலின், அடுத்து ஸ்டிரிப், அதற்குப் பிறகுதான் சென்சார். கந்து வட்டிக்கு வாங்கி சென்சார் ஒட்டி, ஸ்டிரிப் வாங்க காசில்லாமல் நிற்கக் கூடாது. இன்சுலின் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. அங்கே மிச்சமாகும் காசு ஸ்டிரிப்புக்கு உதவும்.

வருஷம் முழுக்க ஒட்டினால்தான் பலன் என்றும் இல்லை. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு 2 வாரம் முன்பு ஒன்று ஒட்டினால், எந்த நேரத்தில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று முழு வரைபடமே கிடைக்கும். அதை வைத்து ஊசி அளவை சரி செய்யலாம். அப்படி 3 மாசத்துக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு 20 ஆயிரம் ரூபாயில் முடியும். ராத்திரியில் அடிக்கடி சுகர் இறங்குகிற பிள்ளைக்கு மட்டும் இது போதாது. அவர்களுக்கு அலாரம் உள்ளதை தொடர்ந்து போட வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்க.

கழன்று விழுந்தால் 5 ஆயிரம் போச்சு!

ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கவே கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது கை வரைக்கும் வழிய விடாதீங்க. வெயில் காலத்தில் வியர்வையில் ஓரம் கிளம்பினால் உடனே மேலே பிளாஸ்டர் ஒட்டுங்க. குழந்தை அந்தக் கையை அழுத்திப் படுத்தால் சுகர் இறங்கியது போல பொய்யாகக் காட்டும். ஒட்டிய முதல் நாளும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சென்சார் சொல்வதற்கும் பிள்ளையின் முகத்துக்கும் பொருந்தவில்லை என்றால் விரலில் குத்திப் பாருங்க.

நிஜமாகவே இறங்கியிருந்தால், பிள்ளையின் எடையைப் பொறுத்து டாக்டர் சொன்னபடி 2 அல்லது 3 டீஸ்பூன் சர்க்கரையை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீங்க. 108-க்கு போன் போடுங்க.

பள்ளிக்கூடத்தில் இன்னொரு சிக்கல். போனைக் காட்டிப் பார்க்கும் வகை சென்சார், கடைசி 8 மணி நேரக் கணக்கைத்தான் வைத்திருக்கும். காலை 7 மணிக்குப் பார்த்துவிட்டு சாயந்திரம் 4 மணிக்குப் பார்த்தால் நடுவில் 1 மணி நேரம் காணாமல் போயிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை பார்க்க டீச்சரிடம் அனுமதி கேளுங்க. டைப் 1 பிள்ளைகள் வகுப்பில் சுகர் பார்க்கவும், ஊசி போடவும், இடையில் சாப்பிடவும் விட வேண்டும் என்று தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-லேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. டாக்டர் எழுதிய சீட்டு ஒன்றையும் சேர்த்து ஹெட்மாஸ்டரிடம் கொடுத்து வையுங்க.