உங்களுக்குத் தெரியுமா? ஊர் ஊராகப் போன நெருப்பு

குஜராத் கடற்கரைச் சிற்றூரான உத்வாடாவில் 1742 முதல் ஒரு புனித நெருப்பு எரிகிறது. பெயர் 'ஈரான்ஷா'. ஜரதுஸ்திர சமயத்தைப் பின்பற்றும் பார்சிகளுக்கு இதைவிடப் புனிதமானது இந்தியாவில் வேறில்லை.

பாரசீகத்திலிருந்து கடல் கடந்து வந்த அவர்களின் முன்னோர் சஞ்சானில் குடியேறி இதை நிறுவியதாக, 1599-இல் பாரசீக மொழியில் இயற்றப்பட்ட 'கிஸ்ஸா-இ-சஞ்சான்' என்ற செய்யுள் நூல் சொல்கிறது. பால் நிறைந்த கிண்ணத்தில் சர்க்கரையைக் கலந்து, 'இப்படி உங்களோடு கலந்துவிடுவோம்' என்று வந்தவர்கள் உணர்த்திய கதை பலருக்குத் தெரியும்; அது இந்த நூலில் இல்லை. இருப்பவை உள்ளூர் மன்னன் விதித்த நிபந்தனைகள்: இவ்வூர் மொழியைப் பேச வேண்டும், பெண்கள் இவ்வூர் உடையை உடுத்த வேண்டும், ஆயுதம் கூடாது, திருமணத்தை மாலையில் நடத்த வேண்டும். மொழியைப் பொறுத்தவரை, பார்சிகளின் தாய்மொழி இன்று குஜராத்திதான்.

படையெடுப்பில் சஞ்சான் வீழ்ந்தபோது, குருமார்கள் நெருப்பைக் காப்பாற்றி பஹ்ரோத் மலைக்குகைகளில் மறைத்தார்கள். பிறகு பான்ஸ்டா, நவ்சாரி, சூரத், வல்சாடு என்று இடம் மாறி உத்வாடாவுக்கு வந்தது. எத்தனை தலைமுறைகளின் உழைப்பு இது!

இந்த நெருப்பு எரியும் கோயிலுக்குள் பிற மதத்தினருக்கு அனுமதியில்லை. ஊரிலுள்ள பார்சி அருங்காட்சியகத்தை யாரும் பார்க்கலாம். அந்தப் பக்கம் போனால் தவறவிடாதீர்கள்.