உண்ண மறுக்கும் சிறுவர்

கறிகாயை ஒதுக்கும் சிறுவர்க்கு உணவூட்டும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். நம் தாய்மார் நிலவைக் காட்டிச் சோறூட்டுவர். ஜப்பானியரோ அப்பொறுப்பிற் பெரும்பங்கைப் பள்ளியிடம் ஒப்படைத்துள்ளனர். 1889-இல் சுருவோக்கா என்னும் ஊரில் ஏழைச் சிறுவர்க்குச் சோற்றுருண்டையும் மீனும் அளித்துத் தொடங்கப்பெற்ற பள்ளியுணவு, 1954-இல் சட்டத்தின் துணையைப் பெற்றது. வெண்ணிற மேலாடையும் தொப்பியும் அணிந்து மாணவரே முறைவைத்துப் பரிமாறுவர். ஆசிரியரும் உடனமர்ந்து அவ்வுணவையே உண்பர். வீட்டில் கீரையைத் தொடாத சிறுவனும், தோழர் உண்ணக் கண்டு ஒருவாய் சுவைத்துப் பார்ப்பான். வற்புறுத்தலினும் இஃது எவ்வளவோ மேல் அன்றோ? ஆயினும், தட்டு வெறுமையாகும்வரை எழவிடாத ஆசிரியரும் அங்கே இருந்தனர். அவர்பாற் பயின்ற சிறுவருட் சிலர் கீரையோடு பள்ளியையும் வெறுத்தனர். இந்நாளில், உண்ணத் தொடங்குமுன்னரே வேண்டிய அளவு குறைத்துக்கொள்ளப் பல வகுப்புகளில் இடந்தருகின்றனர்.