தலைப்பாகையோடு பறந்த விமானி



வாஞ்சூரைத் தாண்டினால் காரைக்கால். நவம்பர் 1 வந்தால் அங்கே விடுதலை நாள், லீவு. நமக்கு வழக்கம்போல ஸ்கூல் உண்டு! ஏன் இப்படி? 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. நாம் 1947-ல் சுதந்திரம் பெற்ற பிறகும் அங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. 1954 நவம்பர் 1-ல்தான் காரைக்காலும் புதுச்சேரியும் நம்மோடு சேர்ந்தன.

அந்த நேரத்தில் பாரிஸில் இந்தியத் தூதராக இருந்தவர் யார் என்று தேடினேன். பெயர் ஹர்தித் சிங் மாலிக். மேலும் படித்தபோது ஆச்சரியமாகிவிட்டது. அவர் முதல் உலகப் போரில் சண்டை விமானம் ஓட்டியவர்! அதுவும் முதலில் பிரெஞ்சு விமானப்படையில் சேரத்தான் ஆசைப்பட்டாராம். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

படிக்கப் போன பையன்

மாலிக் 1894 நவம்பர் 23-ல் ராவல்பிண்டியில் பிறந்தார். (அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது.) 14 வயதிலேயே படிக்க இங்கிலாந்து போனார். 1912-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார். கிரிக்கெட்டில் கெட்டிக்காரர். சசெக்ஸ் அணிக்காக ஆடியிருக்கிறார். கோல்ஃபும் நன்றாக ஆடுவார்.

1914-ல் போர் வந்தது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் ராணுவத்தில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். மாலிக்கும் கேட்டார். கிடைக்கவில்லை. படிப்பு இருந்தது, உடம்பும் நல்லா இருந்தது. ஆனால் அவர் இந்தியர். அவ்வளவுதான் காரணம். அந்தப் போரில் சுமார் 13 லட்சம் இந்தியர்கள் பங்கெடுத்தார்கள். சாகப் போகலாம், வெள்ளைக்கார அதிகாரிக்குச் சமமாக நிற்கக் கூடாது என்றால் இது என்ன நியாயம்?

மாலிக் சும்மா இருக்கவில்லை. 1916-ல் பிரான்ஸுக்குப் போய், பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். அங்கிருந்தபடியே பிரெஞ்சு விமானப்படையில் சேர முயற்சி செய்தார். அவர்கள் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். இது அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியருக்குத் தெரிந்தது. அவர் உடனே பிரிட்டிஷ் விமானப்படைத் தளபதிக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் ஒருவரை நாம் வேண்டாம் என்பது வெட்கம் இல்லையா என்பதுதான் அதன் சாரம். 1917 ஏப்ரலில் மாலிக்குக்கு அதிகாரிப் பதவி கிடைத்தது.

தலைப்பாகையா, தொப்பியா?

விமானி என்றால் தலையை இறுக்கிப் பிடிக்கும் தோல் தொப்பி போட வேண்டும். மாலிக் சீக்கியர். தலைப்பாகையைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைசியில் தலைப்பாகைக்கு மேலேயே போடுகிற மாதிரி பெரிய தொப்பி ஒன்று தனியாகச் செய்தார்கள். அதைப் பார்த்த கூட்டாளிகள் 'பறக்கும் பூதம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நம்ம கிளாஸில் வைக்கிற மாதிரிதான்!

அந்த விமானம் எப்படிப்பட்டது?

அவர் ஓட்டியது சாப்வித் கேமல். ஜெட் விமானம் மாதிரி நினைக்காதீர்கள். மரச்சட்டம், மேலே துணி. இறக்கை மேலே ஒன்று, கீழே ஒன்று. வேகம் மணிக்கு சுமார் 180 கிலோமீட்டர். ஒரே ஒரு ஆள்தான் உட்காரலாம். மேலே கூரை கிடையாது, குளிர் நேராக முகத்தில் அடிக்கும். பிரிட்டிஷ் விமானிகளுக்கு அப்போது பாராசூட்டும் கொடுக்கவில்லை.

இன்ஜின்தான் விசித்திரம். காற்றாடி மட்டும் சுற்றாது, இன்ஜினே சேர்ந்து சுற்றும். அதனால் விமானம் வலது பக்கம் சட்டென்று திரும்பும். சண்டையில் அது லாபம். பழகாதவர்களுக்கு ஆபத்து. கற்றுக்கொள்ளும்போதே விழுந்து செத்தவர்கள் நிறையப் பேர்.

இன்ஜினுக்கு ஊற்றுகிற எண்ணெய் எது தெரியுமா? விளக்கெண்ணெய்! அது புகையோடு விமானி முகத்தில் தெறிக்கும். மாலிக்குக்கு இது ஒத்துக்கொள்ளாமல் போய், பிறகு வேறு வகை விமானத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

முன்னால் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். சுற்றுகிற காற்றாடிக்கு நடுவில் சுட்டால் காற்றாடி உடையாதா என்று கேட்கலாம். காற்றாடி இலை குழலுக்கு நேரே வரும் நொடியில் சுடாமல் நிறுத்துகிற அமைப்பு ஒன்று இருந்தது. இலை நகர்ந்ததும் குண்டு போகும்.

1917 அக்டோபர் 26

மாலிக் இருந்தது 28-ஆம் படைப்பிரிவு. பெல்ஜியம் போர்முனை. அன்று வானிலை ரொம்ப மோசம். பார்க்கர் என்ற கனடா நாட்டு அதிகாரியின் தலைமையில் எதிரி எல்லைக்குள் போனார்கள். ஜெர்மன் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. மாலிக்கின் காலில் குண்டு பாய்ந்தது. ரத்தம் வழிய வழிய, தாழ்வாகப் பறந்து, எப்படியோ தங்கள் பக்கம் வந்து மோதி விழுந்தார். விமானத்தில் 400-க்கும் மேற்பட்ட ஓட்டைகள்! காலுக்குள் போன இரண்டு குண்டுகள் வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தன.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே போரில் பறந்த கொல்கத்தா இளைஞர் இந்திர லால் ராய், 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் 10 விமானங்களை வீழ்த்தினார். ஜூலை 22-ல் பிரான்ஸில் சண்டையிலேயே இறந்தார். வயது 19. நம்ம ஸ்கூல் அண்ணன்களைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட.

பிறகு?

மாலிக் போருக்குப் பின் ஐ.சி.எஸ். அதிகாரியானார். பாட்டியாலா சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். 1947-ல் கனடாவுக்கு நம் முதல் ஹைகமிஷனர். 1949 முதல் 1956 வரை பிரான்ஸில் தூதர். ஆம்புலன்ஸ் ஓட்டிய அதே நாட்டில்! 1985 அக்டோபர் 31-ல், 90 வயதில் இறந்தார்.

என் கருத்து

இதை வாப்பாவிடம் சொன்னேன். "நம்மளை ஆண்டவனுக்காக ஏன் சண்டை போடணும்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. நானும் யோசித்தேன். மாலிக்கின் துணிச்சல் பெரிசு. ஆனால் அவருக்குக் கதவு திறந்தது ஒரு ஆசிரியரின் கடிதத்தால். கடிதம் எழுத ஆள் இல்லாத லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு அந்தக் கதவு மூடியேதான் இருந்தது. ஒருவருக்கு இடம் கிடைத்துவிட்டால் எல்லோருக்கும் நியாயம் கிடைத்ததாக ஆகாது. ஆனாலும், இந்தியனால் முடியாது என்று சொன்னவர்கள் அதற்குப் பிறகு அப்படிச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. 1932 அக்டோபர் 8-ல் இந்திய விமானப்படை தொடங்கியது.

மூன்று கேள்விகள் (பதில் கட்டுரையிலேயே இருக்கு!)

1. கேமல் இன்ஜினுக்கு ஊற்றிய எண்ணெய் எது?
2. மாலிக்கின் பட்டப்பெயர் என்ன?
3. காரைக்கால் நம் நாட்டோடு எப்போது சேர்ந்தது?