நடை சாத்தும் நேரத்தில் வண்டி ஓடட்டும்

கோயிலும் கடலுமாகத் தெற்கே ஒரு பயணம் போகலாம் என்று தோன்றியதும் நாம் முதலில் பார்ப்பது தூரத்தைத்தான். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் திருச்செந்தூர் ஏறக்குறைய 220, அடுத்து கன்னியாகுமரிக்கு ஒரு 90. மொத்தமே 500 கிலோமீட்டர் வராது. "ரெண்டு நாள் தாராளம்" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். கூட்டல் சரி, ஆனால் கூட்டவேண்டியது கிலோமீட்டரை அல்ல. விடியற்காலையில் கிளம்பி, வழியில் டிபனை முடித்து, ஒரு கோயில் வாசலில் 12.45-க்கு இறங்கினால் நடை சாத்தியிருக்கும். நான்கு மணி வரை குழந்தைகளோடு மண்டப நிழலில் உட்கார்ந்திருப்போம். சாலையில் மிச்சம் பிடித்த நேரம் முழுவதும் அங்கே கரைந்துவிடும்.

நடை ஏன் சாத்துகிறார்கள்? சிவாலயங்களில் ஒரு நாளைக்கு ஆறு காலப் பூஜை என்பது வழக்கம். விடியலில் உஷத்காலத்தில் தொடங்கி நண்பகலில் உச்சிக்காலம் வரும். நைவேத்தியம் ஆனதும் திரை விழும். மாலையில் சாயரட்சைக்கு மறுபடி திறந்து, இரவு அர்த்தசாமத்தோடு அன்றைய நாள் முடியும். மதிய உணவுக்குப் பிறகு பாட்டி தலைசாய்க்கும் நேரத்தில் யாரும் வீட்டுக் கதவைத் தட்டமாட்டோம் இல்லையா, அதே மரியாதைதான் இங்கேயும்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் கன்னியாகுமரி பகவதியம்மன் கோயிலிலும் இந்த இடைவெளி பொதுவாகப் பன்னிரண்டரையிலிருந்து நான்கு மணி வரை. ராமேஸ்வரத்தில் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்கே திறந்துவிடுவார்கள். திருச்செந்தூரில் சாதாரண நாட்களில் அதிகாலை முதல் இரவு வரை இடையில் நடை சாத்துவதில்லை. ஆக, திருச்செந்தூரைத் தவிர மற்ற இடங்களில் ஒரு நாளில் நமக்குக் கோயிலுக்கென்று கிடைப்பது காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. நடுவில் இருப்பது பயணத்துக்கும் கடலுக்கும்.

கடலுக்கும் நேரக்கணக்கு உண்டு. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணியோடு நின்றுவிடும். காற்று பலமாக அடித்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ இடையிலேயே நிறுத்திவிடுவார்கள். தனுஷ்கோடியில் பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோயில் மூடியிருக்கும் பகல் பொழுதில்தான் கடல் பக்கம் எல்லாம் திறந்திருக்கிறது. இந்தப் பொருத்தம் புரிந்துவிட்டால் பாதித் திட்டம் தயார்.

இப்போது சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். முதல் நாள் காலை மீனாட்சி தரிசனம். செல்போனை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போகமுடியும். எந்தக் கோபுர வாசலில் கொடுத்தோம் என்பதை மறக்கக்கூடாது. மதியம் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறினால் மாலை நான்கரை வாக்கில் ராமேஸ்வரம். அன்று நீராட்டம் வேண்டாம். மூன்றாம் பிராகாரத்தை நிதானமாகச் சுற்றி வரலாம்.

இரண்டாம் நாள் அதிகாலை 5 மணி வாக்கில் ஸ்படிகலிங்க தரிசனம். பிறகு அக்னி தீர்த்தம், அதாவது கோயிலுக்குக் கிழக்கே உள்ள கடலில் ஒரு முழுக்கு. அடுத்து கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்று மேட்டில் ஒருவர் நின்று வாளியை வீசி இறைத்துத் தலையில் ஊற்றுவார். நனைந்தபடியே அடுத்த கிணற்றுக்கு நடக்கவேண்டும். தரையெல்லாம் ஈரம், பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியோடு சுவாமி சன்னிதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் மாற்றுத்துணி கையிலேயே இருக்கட்டும். கூட்டம் இல்லாத நாளிலும் இதற்கெல்லாம் காலைப் பொழுதில் பெரும்பகுதி போய்விடும்.

அங்கிருந்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. தேவாலயத்தின் இடிந்த சுவர் இன்னும் நிற்கிறது. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. ஒருபுறம் ஊர்க்காரர்கள் பெண்கடல் என்று சொல்லும் அமைதியான வங்கக்கடல், மறுபுறம் ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடா. அங்கே நிழலே கிடையாது, அதிக நேரம் நிற்காமல் திரும்பிவிடுவது நல்லது. நண்பகலில் புறப்பட்டால் திருச்செந்தூர் போக ஐந்து மணி நேரம் ஆகும். தாமதமானாலும் கவலையில்லை, நடைதான் திறந்திருக்குமே.

மூன்றாம் நாள் காலை திருச்செந்தூர்க் கடலிலும் நாழிக்கிணற்றிலும் குளியல், தரிசனம். கடலையொட்டி இருக்கும் அந்தச் சின்னக் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. பத்து மணிக்குக் கிளம்பி மணப்பாட்டு மேட்டில் உள்ள தேவாலயத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னியாகுமரிக்குப் போனாலும், மதியம் படகுக்கு நேரம் இருக்கும். 133 அடி வள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலமும் உண்டு. மாலையில் பகவதியம்மன், மறுநாள் சூரிய உதயம், பிறகு சுசீந்திரம். திருச்செந்தூர், குமரி, சுசீந்திரம் மூன்றிலும் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றவேண்டும். வேட்டி இருந்தால் சௌகரியம்.

ஆக, இரண்டு நாள் என்று போட்ட பயணம் மூன்றரை நாளுக்கு வந்துவிட்டது. தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஆடி, தை அமாவாசைகளில் ராமேஸ்வரத்திலும், சஷ்டி, கிருத்திகையில் திருச்செந்தூரிலும் கூட்டம் நெரியும், நடை நேரமும் மாறும். கிளம்புவதற்கு முந்தின நாள் கோயில் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு நேரத்தைக் கேட்டுவிடுங்கள்.